வராத காய்ச்சல்கள்

ஏரியின் கரையோரம் உறைந்துவிட்ட மாதம்.
டுலூத் நகராட்சியின் கீழ்த்தளத்தில்
ஊதியப் பிரிவில் நான் ஒருத்திதான்.
மற்ற ஆறு நாற்காலிகளும்
வீட்டிலிருந்து வேலை பார்க்கின்றன.

சங்கமும் நிர்வாகமும்
இரவு பதினொன்றரைக்கு ஒப்புக்கொண்டதைக்
காலை ஏழுக்குள் எளிய சொற்களில் எழுத வேண்டும்.
பதினான்காம் சுற்றறிக்கை:
தொற்று விடுப்பு எண்பது மணி நேரமும் தீர்ந்தவர்களுக்கு
மேலும் நாற்பது.
மேற்பார்வையாளர் தனிமையில் இருக்கச் சொன்னால் மட்டும்.
நீங்களாகப் பயந்துகொண்டு வீட்டில் இருந்தால் கிடையாது.

கடைசி வரியை அழித்தேன்.
விதியின் பொருள் என்னவோ அதுதான்.

தொலைபேசி.
இருமல் கணக்கில் வருமா?
எத்தனை இருமல்?
கணவருக்கு வந்தால் எனக்கும் வந்த மாதிரியா?
பனி வாரும் வண்டி ஓட்டும் ரெனே ஷார்பனோ கேட்கிறாள்:
பிள்ளைக் காப்பகத்தை மூன்றாம் முறையாக மூடிவிட்டார்கள்,
வண்டியில் பக்கத்து இருக்கையில்
அவனை உட்கார வைத்துக்கொள்ளட்டுமா?
கூடாது என்றேன். பதினேழாம் பிரிவு.
"பதினேழாம் பிரிவுக்குப் பிள்ளைகுட்டி உண்டா?"
வைத்துவிட்டாள்.

குடிநீர்ப் பிரிவு ஒடெல் ஹட்சின்ஸ்
நவம்பரில் இறந்துபோனார்.
கணக்கை மூடும் படிவத்தில்
கையெழுத்திட வேண்டிய அலுவலகமே மூடிக் கிடக்கிறது.
ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
மூன்றே முக்கால் மணி நேரம்
அவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கிறது.
ஈட்டிய விடுப்பு என்கிறது திரை.
ஒவ்வொரு சம்பள வாரமும் கையால் கழிக்கிறேன்.
ஒரே ஒரு வாரம் கழிக்கவில்லை.
தணிக்கையில் கேட்டால்
தவறுதலாக என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆர்விட் லாம்பெலாவின் கணக்கு வேறு மாதிரி.
முப்பத்தொரு பனிக்காலம், ஒரு நாள் விடுப்பில்லை.
இருப்பு ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரம்.
சிலர் பணம் சேர்ப்பார்கள்,
இவர் வராத காய்ச்சல்களை
மணி மணியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

அவரிடமிருந்து விடுப்புக் கொடைப் படிவம் வந்தது.
பெறுபவர்: ஷார்பனோ.
அளவு: இருநூறு.
காரணம், விரும்பினால் எழுதலாம்:
"பையனுக்கு நாலு வயது."

ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் கொடுக்க முடியாதென்று
திருப்பி அனுப்பினேன்.
மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார்.
பிளாஸ்டிக் தடுப்புக்கு அப்பால்
முகக்கவசத்தின் மூச்சில் கண்ணாடி வெளுத்திருக்க,
என் திசையை உத்தேசமாகப் பார்த்துக் கேட்டார்:
நாற்பது யார் வைத்த எண்?
இரு தரப்பும் என்றேன்.
"சந்தா கட்டுகிறவன் நான்.
அப்படியானால் நானும் சேர்ந்துதான் வைத்தேனா?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பூட்ஸில் ஒட்டியிருந்த உப்பைத் தரையில் விட்டுவிட்டு
சங்கப் பிரதிநிதியைத் தேடிப் போனார்.

அதன்பின் என்ன நடந்ததென்று முழுதாகத் தெரியாது.
மூன்று இரவு பேசினார்களாம்.
யாரோ கத்தினார்களாம், ஒலியை அணைக்க மறந்து.
பதினைந்தாம் சுற்றறிக்கையில்
நான் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்:
நாற்பது என்ற சொல்லை எடுத்துவிடுவது.
இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன்,
அழிக்கும் விசையை இத்தனை மெதுவாக
அழுத்தியதில்லை.

இருநூறு அங்கே ஏறியது, இருநூறு இங்கே இறங்கியது.
ரெனே கூப்பிட்டாள், ஒன்றும் பேசவில்லை.
பின்னால் பையன்
எதையோ எதன் மேலோ மோதிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஆர்விட்டிடமிருந்து இன்னொரு படிவம்.
விடுப்பு: ஒரு நாள். சனிக்கிழமை.
பெறுபவர்: நானே.
காரணம் எழுதவில்லை.
"பன்னிரண்டு அங்குலம் எதிர்பார்க்கிறோம், ஏன் விடுப்பு?"
என்று மேற்பார்வையாளர் ஓரத்தில் கிறுக்கியிருந்தார்.
ஈட்டிய விடுப்புக்குக் காரணம் கேட்கலாகாது.
பிரிவு எண்ணை மட்டும் கீழே எழுதித் திருப்பினேன்.

பதினாறு அங்குலம் கொட்டியது.
அவருடைய தடத்தில்தான் என் பேருந்து நிறுத்தம்.
வாராத தெருவில் முழங்கால் புதைய
முக்கால் மணி நேரம் நின்றேன்,
அந்த மனிதர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டுமே
என்ற ஒரே நினைப்பில்.