கொட்பேயில் ஒரு வால்வு

கொட்பேத் துறைமுகத்தில் கரையேற்றிய படகு.
எஞ்சின் அறைச் சுவரில்
தண்ணீர் நின்ற உயரத்துக்கு டீசல் கோடு.

"எதிலயும் முட்டேல்ல மிஸ்," என்கிறான் எமிலியான்.
"சும்மா ஓடிக்கொண்டுதான் வந்தனாங்கள்.
பவுல் முனை வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரியுது.
அப்பத்தான் காலுக்குக் கீழ ஆறு பாயிற சத்தம்."

ரிஸ்மி பழைய சாரத் துண்டில் சுற்றியதைப் பிரித்தான்.
கடல்நீர் வால்வு. இரண்டு துண்டு.

கலிப்பர் வைத்துப் பார்த்தேன்.
சுவரின் தடிப்பு சரி. புரிகள் சரி.
அச்சுக்குத்திய எண்கூட அழியவில்லை.
கைக்குத்தான் முதலில் தெரிந்தது:
சூளையில் வெந்து ஆறிய சிப்பியின் கனம்.
உடைந்த வாயில் மஞ்சள் இல்லை,
நேற்றைய மீனின் செவுள் நிறம்.

கடல் இதைக் கடிக்கவில்லை.
உள்ளே இருந்த துத்தநாகத்தை மட்டும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.
நாலு வருடமாய் ஒவ்வொன்றாக எழுந்து போயின.
செம்பு போகவில்லை.
வெற்று இருக்கைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
வால்வின் உருவத்திலேயே நின்றிருக்கிறது,
அன்றிரவு வரை.

தனிச் செம்பு மெத்தென்றது.
அழுத்தினால் அடுக்கின்மேல் அடுக்கு வழுக்கிப் போகும்.
துத்தநாகம் கொஞ்சம் பருமன்.
மூதூர் பஸ்ஸில் மூட்டையோடு ஏறியவர்
மூவர் இருக்கையில் வந்து குந்தியது போல,
பக்கத்தில் இருப்பவர் நெளியத்தான் வேண்டும்.
அந்த நெளிவில்தான் உறுதி.
வழுக்கி வருகிற வரிசை
அங்கே தடுக்கி நின்றுவிடும்.

போன மாசியில் நகர மண்டபத்தில் நல்லிணக்கக் கூட்டம்.
பேச வந்தவர் குத்துவிளக்கைத் தொட்டுக் காட்டி
"நாமெல்லாம் கலப்புலோகம்" என்றார்.
எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.
வாசலில் ஒரு மான்
யாரோ போட்ட வாழைத்தோலைத் தின்றுகொண்டிருந்தது.
இன்றைக்குத்தான் உறைக்கிறது:
அவர் தொட்டது
மேடையில் எண்ணெய் பூசி நின்ற பித்தளை.
படகுக்கு அடியில் நாலு வருடம் கிடந்ததை
அவருக்கு யாரும் காட்டவில்லை.

இதற்கு மருந்து உண்டு. அது பாஷாணம்.
ஆயிரம் கிலோ உருக்கில் அரைக் கிலோ ஆர்செனிக்.
துத்தநாகத்தை அளவோடு நிறுத்தி,
வார்த்தபின் ஐந்நூறு பாகையில்
மணிக்கணக்காய் ஊறவிட வேண்டும்.
உள்ளே இரண்டு விதமாய்ப் பிரிந்து கிடக்கும் மணிகள்
மெல்ல ஒன்றாகும்.
பிறகு கடல் கூப்பிட்டாலும்
துத்தநாகம் எழும்பாது.
ஏன் என்று கேட்டால் புத்தகத்தில் மூன்று விளக்கம்.
ஒன்றை ஒன்று நம்பாத மூன்று.

எமிலியான் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுக்கிறான்.
நனைந்து காய்ந்து முறுகிய கடதாசி.
"பித்தளை எண்டுதானே எழுதியிருக்கு மிஸ்?"
ஓம். அப்படித்தான் எழுதியிருக்கிறது.
"கடைக்காரன் வேறொண்டும் காட்டினவன்.
இரண்டாயிரத்து நானூறு கூட.
பார்க்க ரெண்டும் ஒண்டுதான்."

பார்க்க ரெண்டும் ஒன்றுதான்.
அரைக் கிலோவை எந்தக் கண் காணும்?

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு
ஒரு வரிதான் இடம்.
'துத்தநாக நீக்கம்' என்று எழுதினேன்.
எழுதிய பிறகு
வீட்டைவிட்டுப் போன ஒருவருக்கான
பொலிஸ் முறைப்பாடு போல இருந்தது.
அடிக்கவில்லை. அப்படியே விட்டேன்.

அந்தக் கடையில் அதே மாதம் வாங்கியவை
இன்னும் பதினொரு படகில் இருக்கின்றன.
நாலு இன்றிரவு கடலுக்குப் போகவிருந்தவை.
ஐஸ்கட்டி ஏற்றியாகிவிட்டது.
"கத்தியால சுரண்டினா மட்டும் காணுமே?" என்கிறான் ரிஸ்மி.
காணும். மஞ்சள் வந்தால் போகட்டும்.

முதல் படகின் அடிக்குள் குனிந்து இறங்கினோம்.
அவன் டோர்ச்சைப் பிடித்தான்.
நான் சுரண்டினேன்.
மேலே ஆறு பேர்
ஒரு வார்த்தை பேசாமல்
நிறத்துக்காகக் காத்திருந்தார்கள்.