பத்தொன்பது கைக்குழந்தைகள்

அச்சாவோ படகுத்துறையில் காலை ஏழே கால்.
மழையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை, இந்தத் தீவில்.
கடற்படை அலுவலகத்திலிருந்து சார்ஜென்ட் ஓயார்சோ பேசினார்:
"நயாரெத், நேற்று உன் படகில்
தாயில்லாமல் பத்தொன்பது கைக்குழந்தைகளா?"

நான் எழுதிய ஃபங்ஷன்தான்.
பைத்தான் படிக்கத் தொடங்கிப் பதினோரு நாள்.
பயணி தட்டும் வயதை வாங்கு,
இன்ட்டிடம் கொடு,
எண்ணாகத் திரும்பி வந்தால் பட்டியலில் சேர்.
வராவிட்டால்?

முதல் நாள் வரவில்லை.
திரை சிவந்து ஆறு வரி திட்டிவிட்டுச் செத்துப்போனது.
வரிசை நனைந்துகொண்டே நின்றது.
அன்றிரவு ட்ரை போட்டேன், எக்செப்ட் போட்டேன்,
எந்தப் பிழைக்கு என்று பெயர் சொல்லவில்லை;
எது வந்தாலும் பூஜ்ஜியம் என்றேன்.
அதன்பின் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை திரை.
எவ்வளவு பெருமை எனக்கு!

தட்டியது தட்டியபடி பக்கத்து நெடுவரிசையில் கிடந்தது.
"முப்பது, ஏறக்குறைய."
சிப்பி வியாபாரி: "உனக்கெதற்கு?"
ஒன்றில் வெறும் காலியிடம்.
ஒரு சிறுவன் 7.5.
ஏழைத் தெரியும், ஐந்தைத் தெரியும்,
நடுவே புள்ளியைக் கண்டதும் கைவிரித்துவிட்டது இன்ட்.
தோன்யா எதெல்மீரா எழுத்தில் எழுதியிருந்தார்:
எண்பத்து மூன்று.
இரண்டு கணவர்களைப் புதைத்தவர்,
கவிழ்ந்த படகிலிருந்து நீந்திக் கரையேறியவர்,
என் கோப்பில் நேற்றுத்தான் பிறந்திருந்தார்.

இப்படி எட்டுப் பேர்.
மீதிப் பதினொன்று பயணிகளின் தவறே இல்லை.
குழு டிக்கெட் வரியில்
வயது என்பதை வய்து என்று நான் அடித்திருந்தேன்.
அவர்களைப் போர்த்திய அதே போர்வை
என்னையும் போர்த்தி
ஷ்ஷ் என்றிருக்கிறது.

பெயர் சொல்லிவிட்டேன் இப்போது: வேல்யூ எரர்.
அதை மட்டும் பிடி. மற்றதெல்லாம் என்னைத் திட்டட்டும்.
பிடித்தாலும் பூஜ்ஜியம் தராதே,
இன்னொரு முறை கேள்.

சிறுவனை முதலில் ஃப்ளோட் ஆக்கி, பிறகு இன்ட் ஆக்கினேன்.
ஏழு வந்தது.
"அரை எங்கே?"
கடலில் விழுந்துவிட்டது என்றேன். எட்டிப் பார்த்தான்.

தோன்யா எதெல்மீராவை மூன்று முறை கேட்டது திரை.
மூன்று முறையும் எழுத்துதான்.
"எண்ணில் போட்டால் கிழவியாகத் தெரிகிறது, பெண்ணே."
அந்தப் பிழைக்கு என்ன பெயர் என்று
நான் இன்னும் படிக்கவில்லை.
கண்ணாடித் தடுப்பைச் சுற்றிப் போய்
பக்கத்தில் நின்று 8 அடித்தேன்.
மூன்றை அவரே அடித்தார்,
ஒற்றை விரலால்,
சுடுகிறதா என்று அடுப்பைத் தொட்டுப் பார்ப்பதுபோல.