ரொட்டி வண்டி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
விற்பனைக்கு நின்ற ஏழு வண்டிகளையும்
கதவைத் திறந்து திறந்து அடைத்துப் பார்த்தேன்.
புரோக்கர் ஏசுவடியானுக்குப் பொறுக்கவில்லை.
"எஞ்சினுக்க சத்தத்தைக் கேளு மக்களே,
கதவுக்க சத்தம் எதுக்கு?"

எஞ்சின் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்.
போய் நின்றபின்
அரையடி திறக்கிற கதவல்லவா
முக்குளிப்பானை இருக்க விடுவதும் விரட்டுவதும்.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.
பத்தொன்பது வருடம் கல்யாண வீடுகளில்
"கொஞ்சம் சிரியுங்க" சொல்லிச் சொல்லிக்
காய்ந்த தொண்டை எனக்கு.
இனி, சிரிக்கச் சொல்ல வேண்டாத முகங்கள் போதும்.

ஒரு ஜீப், பேச்சிப்பாறை மேட்டை
முகர்ந்து பார்த்தே ஏறும் என்றார்.
கதவைத் தொட்டேன். பாத்திரக்கடை சரிந்தது.
கடைசியில், சுவரோரம், ஓர் ஆம்னி.
கருங்கல்லில் ஒரு பேக்கரிக்குப்
பன்னிரண்டு வருடம் ரொட்டி சுமந்தது.
இழுத்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுபடி இழுத்தேன்.
விடியுமுன், வீடுகள் விழிக்காமல்,
டீக்கடை டீக்கடையாய் இறக்கிப் பழகிய கதவு.
எண்பத்திரண்டாயிரம் சொன்னார். இரண்டைக் குறைத்தார்,
டயர் தேய்ந்ததற்கல்ல,
என்மேல் பட்ட இரக்கத்துக்கு.

பின்சீட்டைக் கழற்றிய இடத்தில்
தக்கலை வின்சிலின் ஒரு பெட்டி அடித்தார்,
மேலே நான் படுக்க, உள்ளே லென்ஸ் உறங்க.
மணமக்களுக்குப் பின்னால் தொங்கிய
ஸ்டுடியோ திரையைக் கிழித்து ஜன்னலுக்குப் போட்டேன்.
அதில் ஓர் அருவி இருக்கிறது.
இடது ஜன்னலில் தொடங்கி
வலது ஜன்னலில் விழுகிறது.

லென்ஸைத் தாங்க ஒரு பை வேண்டும்.
ரப்பர் விதை நிரப்பினேன், தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று.
தொட்டதும் பல்லாங்குழி ஆடியது.
நெல் போட்டேன். எலி கண்டுபிடித்தது.
மணவாளக்குறிச்சி மணல் நல்ல கனம் என்றான் வயரிங் ஷைஜு,
"படத்துல உங்க எலும்பும் சேந்து விழும்" என்று
அவனே சிரித்தான்.
இப்போது அதில் இருப்பவை
என் பழைய சுடிதார்கள், பொடிப்பொடியாக.

மேலே ஏறி நின்று எடுக்க
கூரையில் இரும்புச் சட்டம் வைத்தேன்.
ஆடியில், முப்பந்தலில், ஏறினேன்.
காற்று என்னையும் வண்டியையும் சேர்த்தே ஆட்டியது.
படத்தில் காற்றாலைக்குப் பதில்
மலை சுற்றிக்கொண்டிருந்தது.
சட்டத்தில் இப்போது துணி காய்கிறது.

மழை பெய்தால் உள்ளே பன் வாசம் வரும்.

மார்கழியில் ஒருநாள், ஐந்தே முக்கால்,
தேரூர் குளக்கரை.
எஞ்சினை அணைத்து, சரிவில் உருட்டியே வந்து நின்றேன்.
கதவு தன் வேலையைச் செய்தது.
தாமரை இலைகளுக்கு நடுவே
முந்நூறு சீழ்க்கைச் சிறகிகள்,
அலகை முதுகில் செருகியபடி.
ஒன்று கண்ணைத் திறந்தது. என்னைப் பார்த்தது.
மூடிக்கொண்டது.
அந்த மூடலுக்காகத்தான் எட்டு மாதம்.

குறுக்கே ஒரு தாழை மடல்.
நாலடி பின்னால் போனால் போதும்.
ஸ்டார்ட் செய்தேன், மெதுவாக. ஒரு தலையும் எழவில்லை.
ரிவர்ஸ் கியர் போட்டேன்.

முந்தின நாள் மாலை
பின்விளக்கைச் சரிசெய்கையில்
அறுந்து தொங்கிய ஒரு வயரைக் கண்டு
நல்ல மனதோடு ஒட்டியிருக்கிறான் ஷைஜு.
பம்பருக்குள்ளிருந்து
ஏதோ கிறிஸ்துமஸ் மெட்டு,
பன்னிரண்டு வருட ஜலதோஷத்தோடு,
ஊருக்கே கேட்க.

முந்நூறும் எழுந்தன.
குளத்தின் மூடியை யாரோ தூக்கிய மாதிரி.
செங்கல் நிற வயிறுகளில் வெயில் பட்டுப் பட்டு
மருந்துவாழ்மலைப் பக்கம் போய்
வளைந்து, திரும்பி,
துணி காயும் சட்டத்துக்கு மேலே
சீழ்க்கை அடித்துக்கொண்டே.

கேமரா பையின் மேல். லென்ஸ் மூடி கழற்றியே இருந்தது.
என் கை கியரில்.

ஷைஜு போனில் கேட்கிறான்,
"அக்கா, அந்த வயர அறுத்துரட்டா?"
நாளைக்கு வண்டியைக் கொண்டு வாறேன் என்கிறேன்,
மூன்று வாரமாக.