இதற்கிடையே

ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு பைசா.
பெட்டிச் செய்திக்கு எட்டு.
'தொம்', 'டமார்', 'விர்ர்ர்' எல்லாம்
படத்தோடு சேர்த்தி, காசு கிடையாது என்றார்
மன்னார்குடி பந்தலடியில் அச்சகம் நடத்திய
கலியபெருமாள்.

நான் எழுத்து எழுதுகிறவள்.
வெள்ளையடித்து வந்த குமிழ்களுக்குள்
இந்தியன் இங்கில் தமிழை நிரப்புவேன்.
கதை, விண்கலத்தில் குடியிருக்கும் ஒரு ராணுவம்.
அதில் முகமூடியோடு ஒரு நிஞ்ஜா, வாய் பேசாதவன்.
அவனால் எனக்கு மாதம் ஒன்றரை ரூபாய் நஷ்டம்.

அந்த உலகத்தின் சட்டம் ஆறு மாதத்தில் பிடிபட்டது.
ஆயிரம் ரவை பறக்கும்,
ஒருவன் தோளில் மட்டும் உரசும்.
விமானம் வெடிக்கும் முன்
கட்டத்தின் மூலையில் ஒரு பாராசூட்
விரிந்தே இருக்கும்.
பிணத்தைக் காட்டாதவரை யாரும் சாகவில்லை.
காட்டினாலும் அவசரப்பட்டு அழ வேண்டாம்,
இயந்திர மனிதனாக இருக்கலாம்.
அவன் முகமூடியைக் கழற்றும்போதெல்லாம்
எங்கிருந்தோ ஒரு தூண் குறுக்கே வந்து நிற்கும்.

அந்தரத்தில் ஓர் உதை.
கால் தரைக்கு வருவதற்குள்
தளபதி தன் திட்டம் முழுவதையும் சொல்லி முடிப்பார்.
தமிழில் அது இன்னும் நீளும்.
இடம் போதாமல் எதிரியின் காதுமடலை
வெள்ளையால் அழித்திருக்கிறேன்.

மூலத்தில் எதிரி சுட்டால் சிவப்பு,
நம்மவர் சுட்டால் நீலம்.
எங்களிடம் இருந்தது ஒரே மை.
கதிரெல்லாம் கறுப்பாகவே பாய்ந்தன.
யார் யாரைச் சுடுகிறார்கள் என்று
முத்துப்பேட்டை சம்சுகனி
மாதாமாதம் கார்டு போட்டுக் கேட்பார்.
கடைமடைக்காரர்.
தண்ணீரும் புத்தகமும் அவருக்கு
ஊரெல்லாம் பார்த்த பிறகுதான்.

எனக்குப் பிடித்தது பெட்டிச் செய்தி.
இதற்கிடையே, செவ்வாயின் மறுபக்கத்தில்...
இதற்கிடையே, பனிமலைக்கு அடியில்...
கை பழகிப்போய்
வீட்டுக்கு நடக்கையிலும் எழுதும்:
இதற்கிடையே, பாமணியில் முறை வைத்துத் தண்ணீர்.
இதற்கிடையே, அப்பாவின் குறுவைக்கு
இன்னும் ஆறு நாள்.

இருபத்தேழாம் இதழ்
ஒரு பலூன்கூட இல்லாமல் வந்தது.
இருபத்திரண்டு பக்கம்.
நிஞ்ஜா மட்டும் ஒரு கோட்டைக்குள் நுழைகிறான்.
காவலர்கள் கத்தவில்லை.
கண்ணாடி உடைகிறது, அதற்கும் சத்தம் எழுதப்படவில்லை.

"பாதியில அச்சடிச்சுட்டாங்கன்னு
காசத் திருப்பிக் கேப்பான்" என்றார் கலியபெருமாள்.
"நீயே ஏதாவது பேச வையி.
பதினெட்டு ரூபா முழுசாத் தர்றேன்."

இரவு காகிதத்தில் குமிழ் வெட்டி ஒட்டினேன்.
சுவரில் ஏறுகிறவனுக்கு, 'மெதுவாக ஏற வேண்டும்.'
எழுதியதும் அவன் ஏறுவதை விட்டுவிட்டு
என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பது போலிருந்தது.
கூரைமேல் சாய்வாய்க் கீறியிருந்த கோடுகளுக்கு,
'மழை பெய்கிறது.'
மழை நின்றுவிட்டது.

பிளேடால் உரித்தேன்.
ஒன்று கிழிந்து
மதிலில் சின்ன வடு விழுந்தது.
அது அச்சிலும் வந்தது.

அந்த மாதம் என் கூலி எட்டுப் பைசா.
கடைசிப் பக்கத்தின் அடியில்
'தொடரும்' மட்டும்.
அதைக் கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு
ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

பதினைந்து நாள் கழித்து
முத்துப்பேட்டையிலிருந்து கார்டு.
அச்சகத்தின் முகவரி இருந்தது, தபால் முத்திரை இருந்தது.
திருப்பினால் ஓர் எழுத்து இல்லை.
கலியபெருமாள் யோசித்தார்,
பிறகு புகார்க் கம்பியில் குத்தினார்.
புகாரா இல்லையா என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இருபத்தெட்டாம் இதழில் தளபதி
ஒரு மதிலைத் தாண்டிக் குதித்தபடியே
கோட்டைக்குள் என்ன நடந்தது,
யார் தப்பினார்கள், ஏன் என்று
ஒன்று விடாமல் விளக்கினார்.
மூன்று குமிழ்.
முப்பத்தாறு பைசா.