சதுர நகங்கள்

முதலில் அவளுக்கு ஒரு கை வரைந்தேன்.
ஐந்து விரல், மூன்று மோட்டார், தோல் நிறத்தில் ரப்பர் உறை.
மிர்த்தா எச்செவேரி தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் விலை இருக்கிறதா என்று.
"கை வேண்டாம்.
நகவெட்டி வேண்டும்."

பைசாண்டூவில், ஆற்றுப் பக்கம்,
சைக்கிள் கடைக்குப் பின்னால் என் பட்டறை.
தோல் பதனிடும் ஆலையின் உருளை
அவள் வலது முன்கையில் பாதியை எடுத்துக்கொண்டு
ஆறு வருடம்.
சட்டைப் பொத்தானைப் பல்லாலும்
வெங்காயத்தை ஆணி அடித்த பலகையாலும்
வென்றுவிட்டாள்.
ஃபிளாஸ்க் ஒரு பிரச்சினையே இல்லை:
இந்த நாட்டில் எல்லோருமே
வெந்நீர் ஃபிளாஸ்கை அக்குளில் இடுக்கி
மாத்தேக் குடுவையை ஏந்தித்தான் நடக்கிறார்கள்.
"தெருவைப் பார், ஊரே என்னைப் போல" என்று சிரிப்பாள்.

ஆனால் இடது கை நகத்தை
இடது கை வெட்டாது.

ஞாயிறுதோறும் ஒராசியோ வெட்டுகிறான்.
செய்தித்தாள் விரித்து, கண்ணாடி மாட்டி,
அவள் கையைத் தன் தொடைமேல் வைத்து.
நல்ல மனுஷன். தச்சன்.
சதுரமாக வெட்டுகிறான்.
"எனக்கு வளைவு பிடிக்கும்,
கொஞ்சம் நீளமாகவும்.
ஆறு வருடமாகச் சொல்லவில்லை.
உதவ வந்தவனிடம்
வளைவும் கேட்க முடியுமா?"

நகமும் சதையும் போல என்பார்கள் நெருக்கத்தை.
அந்த நகத்துக்கும் சதைக்கும் நடுவில்
இன்னொருவர் கையிலிருக்கும் இரும்பு.

முதல் மாதிரி மேசையில் வழுக்கி ஓடியது.
இரண்டாவதில் குளியலறைக் கொக்கியின்
உறிஞ்சு ரப்பர்களை ஒட்டினேன்;
பிடித்தது, பிறகு விடவே இல்லை.
மூன்றாவதில் நெம்புகோல் குட்டை.
அவள் முன்கை முனை சிவந்துபோயிற்று,
ஒன்றும் சொல்லாமல் சட்டைக்கையை இழுத்து மூடினாள்.
அன்றிரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய்.
தூங்கினேன். காலையில் ஒரு மரக்கரண்டியை அறுத்தேன்.

நான்காவது:
ரொட்டிப் பலகை, திருகாணி இரண்டு,
கரண்டிக் காம்பு, அதன் நுனியில்
முன்கை முனை வந்து உட்கார
பழைய டென்னிஸ் பந்தில் பாதி.
"கொஞ்சம் கை கொடு, பலகையைத் திருப்பணும்" என்றேன்,
சொன்ன பிறகே என் வாய் என் காதில் விழுந்தது.
"இருப்பது ஒன்று, அதையும் கேட்கிறாய்"
என்று கொடுத்தாள்.

டக்.
நகத்துண்டு பறந்து என் மூக்குக்கண்ணாடியில் பட்டது.
டக். டக்.
நாக்கைக் கடித்துக்கொண்டு விரலை மெல்லத் திருப்பினாள்.
வளைவு.

திங்களன்று போன் செய்தாள்.
சுண்டுவிரலுக்குப் பலகை இரண்டு மில்லிமீட்டர் உயரம்,
கட்டைவிரல் இன்னும் சதுரம்தான்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
நேற்று ஒராசியோ பழக்கத்தில்
செய்தித்தாளை விரித்துக் கண்ணாடி மாட்டி
உட்கார்ந்திருந்தானாம்.
வியாழக்கிழமையே வெட்டியதைச் சொல்ல வாய் வராமல்
கையை அவன் தொடைமேல் வைத்தாளாம்.
விரல் விரலாகப் பார்த்தானாம்.
ஒன்றும் கேட்கவில்லையாம்.
அந்தக் கையை விடாமல்
விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினானாம்,
ஒற்றைக் கையால்.