நம் ஊ

நோட்டின் முதல் பக்கம்:
சபாய்தீ, வணக்கம்.
தீ என்றால் நல்லது.
போ என்றால் இல்லை.
போ தீ, நல்லதில்லை.
எழுதும்போது பேருந்து வளைவில் சாய்ந்ததில்
கடைசித் தீ பக்கத்தின் குறுக்கே ஓடிவிட்டது.

நோங் கியாவ் படகுத்துறையில்
சீட்டுக் கிழித்தவரை அண்ணன் என்று கூப்பிட வேண்டும்.
அவர்கள் மொழியில் அண்ணன், ஆய்.
வாயில் வர எனக்கு இரண்டு நாள் ஆனது.
ஏன் என்று தமிழ் தெரிந்த யாரும் கேட்க மாட்டீர்கள்.

கேள்வியின் வாலிலும் அதே போ.
கின் காவ் லேவ் போ?
சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டிருக்கிறாள் பூன்தாவி.
தின்றாயிற்று, கிளம்பு என்கிறாளோ என்று
நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.
ஒட்டுச்சோற்றுக் கூடையைத் திறந்து வைத்தபடி
இவன் ஏன் எழுந்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
உட்கார்ந்தேன். உருட்டித் தின்றேன்.
மூடியை நான் மறந்தபோது
அவளே எடுத்துக் கூடையை மூடினாள், அவசரமாக,
தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல.

படகின் மூக்கில் காய்ந்த பூச்சரம்.
அங்கே படகின் தாய் குடியிருக்கிறாளாம்.
இது நோட்டில் இல்லை.
தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கப் போகிறவனின்
நீளக் கால்கள், வேறு இடமில்லாமல்,
அந்தப் பக்கமே நீண்டிருந்தன.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பூன்தாவி ஒரு கீரைக்கட்டை எடுத்து
என் பாதத்துக்கும் பூவுக்கும் நடுவில் வைத்தாள்.
கொஞ்சம் கழித்து இன்னொரு கட்டு.
மூன்றாவது கட்டில்தான் எனக்கு உறைத்தது.

கோ தோட், கோ தோட் என்றேன்,
காலை மடக்கி, கையைக் கூப்பி,
எவ்வளவு உயரத்தில் கூப்புவது என்று தெரியாமல்
நெஞ்சுக்கும் மூக்குக்கும் இடையே அலையவிட்டு.
போ பென் ஞங், என்றாள்.
பரவாயில்லை.

பாடப் படத்தில் ஞமலியோடு நின்றுபோன ஞ
இங்கே நாள் முழுக்க உழைக்கிறது.
ங வுக்கு ஓர் ஊரே இருக்கிறது: முவாங் ஙோய்.
அங்கேதான் போகிறோம்.

தூரம் என்றால் கை.
பக்கம் என்றாலும் கை.
கோழியும் கை.
குரல் எங்கே வளைகிறது என்பதுதான் மிச்சம் எல்லாம்.

நடு ஆற்றில் எஞ்சின் இருமி நின்றது.
கம்பெட் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
விசிறியில் சுற்றிய வலைநூலை அறுத்துக்கொண்டிருந்தார்.
என் பையில் எட்டுத் திருப்புளிகள்,
உதவட்டுமா என்று கேட்க ஒரு சொல் இல்லை.
இருந்த சொல்லைக் கேட்டேன்:
முவாங் ஙோய், கை போ, ஆய்?
எந்த இடத்தில் வளைத்தேனோ,
படகே சிரித்தது.
ஒருவர் தன் கூடைச் சேவலைத் தூக்கிக் காட்டி
என்னவோ சொன்னார், இன்னும் சிரித்தார்கள்.
கம்பெட் மட்டும் சிரிக்காமல்
சுண்ணாம்புமலைகளின் பக்கம் தாடையைக் காட்டி,
கை, என்றார்.

பக்கமா, தூரமா?
இருட்டும்வரை தெரியவில்லை.

ஆற்றின் பெயர் நம் ஊ.
நம் என்றால் தண்ணீர்.
இந்நாட்டில் ஆறுகள் பலவும் நம் என்றே தொடங்குகின்றன,
நம் கான், நம் தா,
பட்டா போட்டுக்கொண்டதுபோல.
ஊருக்கு ஓர் எழுத்துத்தான் குறைகிறது;
ர் அவர்கள் சொல்லின் கடைசியில் நிற்பதே இல்லை.

இதைச் சொல்லிவிட ஆசை எனக்கு.
நெஞ்சைத் தொட்டேன், அவளைக் காட்டினேன்,
படகை, சேவலை, ஈரத்தோடு ஏறிய கம்பெட்டை,
எல்லாரையும் ஒரு வட்டமாகக் கையால் சுற்றி
நம், என்றேன்.
நம்.

பூன்தாவிக்குச் சட்டென்று புரிந்தது.
மூட்டைகளைத் தள்ளித் துழாவி
ஒரு பிளாஸ்டிக் புட்டியை எடுத்து நீட்டினாள்.
காய்ச்சி ஆறிய தண்ணீர், விறகுப்புகை வாசத்தோடு.

தாகமாகத்தான் இருந்தது.