மிதவை முறை

இரண்டாம் ஆண்டு, நீரியல், களப்பணி எண் நான்கு.
தேவையானவை: அளவுநாடா, நிறுத்துக் கடிகாரம்,
ரப்பர் பூட்ஸ், ஆரஞ்சுப் பழம் நான்கு.

ஆரஞ்சு ஏனென்றால்
அது முழுக்க மிதக்காது, முழுக்க மூழ்காது.
காற்று தள்ளாது, தண்ணீர்தான் தள்ளும்.
கலங்கலிலும் கண்ணுக்குத் தெரியும்.
தொலைந்தால் யாரும் தேட மாட்டார்கள்.
டாக்டர் ரொஸ்மாவத்தி சொல்லச் சொல்ல
எல்லாரும் எழுதிக்கொண்டோம்.

களம்: சுங்கை பினாங்கின் ஒரு வளைவு.
வேனிலிருந்து இறங்கும்வரை எனக்குத் தெரியாது
அது எங்கள் வீட்டுப் பின்புறம் என்று.
எதிர்க்கரையிலிருந்து பார்த்ததில்லை நான்.
கொடியில் காய்ந்த என் நீல பாஜு குரோங்கை வைத்துத்தான்
அடையாளம் கண்டேன்.

சொல்லவில்லை.
பத்து மீட்டர் அளந்து இரு முனையிலும் குச்சி நட்டோம்.
ஹுவே மின் மேலே நின்று வீசினாள்,
ஃபிர்தாவுஸ் கீழே நின்று கையசைத்தான்,
நடுவில் நான், கட்டைவிரல் பொத்தானில்.
முதல் பழம் இருபத்தாறு நொடி.
இரண்டாவது இருபத்தொன்பது.
மூன்றாவது, யாரோ கைவிட்ட குளிர்பெட்டிக் கதவில் மாட்டி
அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.
நான்காவதை உரித்துத் தின்றபடி
ஹுவே மின் கேட்டாள்:
இதன் ஓரத்தில் யார் குடியிருப்பார்கள்?
கேலியில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.
எனக்கும் ஒரு சுளை நீட்டினாள்.
வாங்கித் தின்றேன்.

வந்த வேகத்தைப் பூஜ்யம் தசம் எட்டு ஐந்தால் பெருக்க வேண்டும்.
மேலே ஓடுவது அடியில் ஓடுவதைவிட விரைவு,
அதனால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படிவத்தில் ஐந்து நிலம் படித்தேன்.
இது எதிலும் அடங்காது.
மருதமென்றால் வயல் எங்கே?
பெயர் இல்லாவிட்டால் போகட்டும், மற்றவை இருக்கின்றன.
பூ: ஆகாயத்தாமரை.
பொழுது: கடலேற்றமும் மலைமழையும் சேர்ந்து வரும் பின்னிரவு.
கருப்பொருள்: கேஸ் தோம்பு, ஒற்றைச் செருப்பு, உடும்பு.
உரிப்பொருள்: மெத்தையை மேசைமேல் ஏற்றுதலும்
ஏற்றியபின் உட்கார இடமின்றி நிற்றலும்.

மலைநீரும் கடல்நீரும் சந்திக்குமிடம் கழிமுகம்,
பாடநூலில்.
எங்களுக்கு அது குளியலறை.
தரைத் துவாரம் முதலில் இருமும்.
அம்மா அந்தச் சத்தத்திலேயே எழுந்துவிடுவாள்.

போன வாரம் அவளுக்கு விளக்கினேன்
நூறாண்டு வெள்ளம் என்றால் என்னவென்று.
"நூறு வருஷத்துக்கு ஒருக்காவா?
நீ பொறந்ததுலேருந்து மூணு வந்துருச்சே.
ஒங்க டாக்டருக்கு எண்ணத் தெரியாதா?"
இல்லம்மா, அது நிகழ்தகவு,
ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒண்ணு.
"அந்த ஒண்ணு நம்ம வீட்டு நம்பரா?"

வியாழன் மாலை, கணினிக் கூடம்.
ஆபத்து வலயங்களுக்கு வண்ணம் பூசுகிறோம்.
மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.
எங்கள் கூரை பதினொரு பிக்சல் அகலம்.
சுட்டியால் சுற்றி வளைத்தேன். கோடு மூடியதும்
உள்ளே சிவப்பு நிரம்பியது,
சத்தமே இல்லாமல்,
மெத்தையைத் தூக்க நேரம் தராமல்.
அழித்தேன்.
அண்ணன் வீட்டை விற்கப் பார்க்கிறான்.
ஆரஞ்சு போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?
இது வெறும் பயிற்சி, இருபது மதிப்பெண்.
ஆரஞ்சு போட்டேன். பார்த்தேன்.
பாதி மூழ்கிப் பாதி மிதந்தது வீடு.
மறுபடி சிவப்பு.

அறிக்கையின் கடைசிப் பக்கம்.
ஆய்வின் வரம்புகள்: ஒரு பழம் சிக்கியது, ஒரு பழம் உண்ணப்பட்டது.
களத்துக்கும் ஆய்வாளருக்கும் உள்ள தொடர்பு:
ஹுவே மின் 'இல்லை' என்று தட்டினாள்.
ஃபிர்தாவுஸும் இல்லை.
நான் தட்டினேன்: எழுபது மீட்டர்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
காது சிவந்துபோயிற்று அவளுக்கு.
பிறகு, அன்றைக்கே சொல்லியிருந்தால்
தண்ணீர் குடிக்க வந்திருப்போமே என்றாள்.
வாங்க என்றேன்,
கடல் இறங்கும் நேரம் பார்த்துச் சொல்கிறேன்.